கண்ணுக்கு எதிரே சேலம்... எம்.பி.யோ கள்ளக்குறிச்சி! சேர்வராயன் மலைக்கு முகவரி எது?

சேலம் நகரில் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும் சேர்வராயன் மலை தெரியும். மழைக்காலத்தில் மேகம் போர்த்திக்கொண்டு நிற்கும். ராத்திரியில் மலைப்பாதையில் இறங்கும் வண்டிகளின் வெளிச்சம் கோடு போட்டது போலத் தெரியும். சேலத்துக்காரர்களுக்கு அது "நம்ம மலை".

ஆனால் அந்த மலையில் இருப்பவர்கள் பாராளுமன்றத் தேர்தலில் சேலத்துக்கு ஓட்டுப் போடுவது இல்லை. கள்ளக்குறிச்சிக்கு போடுகிறார்கள்!

2008-ம் ஆண்டு தொகுதி மறுசீரமைப்பில் கள்ளக்குறிச்சி என்று ஒரு பாராளுமன்றத் தொகுதி உருவானது. ரிஷிவந்தியம், சங்கராபுரம், கள்ளக்குறிச்சி, கெங்கவல்லி, ஆத்தூர் ஆகியவற்றோடு ஏற்காடு சட்டசபை தொகுதியும் அதில் சேர்க்கப்பட்டது. 2009 தேர்தலில் இருந்து இதுதான் நிலைமை. 2019-ம் ஆண்டு நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகவும் ஆகிவிட்டது. அதாவது கலெக்டர் ஒரு மாவட்டத்தில், எம்.பி. தொகுதியின் தலைநகர் இன்னொரு மாவட்டத்தில். கலெக்டர் ஆபீசுக்கு 20 கொண்டை ஊசி வளைவு இறங்கினால் போதும். எம்.பி. தொகுதியின் தலைநகருக்கு போக அதன்பிறகும் வாழப்பாடி, ஆத்தூர், சின்னசேலம் என்று சமவெளியில் சுமார் நூறு கிலோ மீட்டர் பயணம் செய்ய வேண்டும்.

"மலைமேல இருக்கறவங்க" என்று ஒரே வார்த்தையில் எல்லோரும் சொல்கிறார்கள். மலைக்காரர்களும் "கீழ போயிட்டு வர்றோம்" என்றுதான் சொல்வார்கள், சேலத்துக்கு போகிறோம் என்று சொல்வது குறைவு. மேலே, கீழே என்ற இந்தப் பிரிவினை எந்த அரசாணையிலும் இல்லை. ஆனால் பேச்சில், கல்யாண சம்பந்தத்தில், திருவிழாவில், பஸ் நேரத்தில் எல்லாவற்றிலும் இருக்கிறது.

தொகுதிக்கு பெயர் மலை... ஓட்டு சமவெளியில்!

சட்டசபை தொகுதி விஷயம் இதைவிட வேடிக்கை.

தமிழகத்தில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சட்டசபை தொகுதிகள் இரண்டே இரண்டு. ஒன்று நாமக்கல் மாவட்டம் சேந்தமங்கலம். அதில் கொல்லிமலை வருகிறது. மற்றொன்று ஏற்காடு. 2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் பழங்குடியினர் எண்ணிக்கை சுமார் 7 லட்சத்து 95 ஆயிரம். மொத்த மக்கள்தொகையில் 1.1 சதவீதம். அதனால்தான் 234-ல் இரண்டு.

ஏற்காடு தொகுதி என்றதும் எல்லோருக்கும் மலைதான் நினைவுக்கு வரும். ஆனால் 2013 இடைத்தேர்தலின்போது அந்த தொகுதியில் இருந்த வாக்காளர்கள் சுமார் 2 லட்சத்து 40 ஆயிரம் பேர். ஏற்காடு தாலுகாவின் மொத்த ஜனத்தொகையோ, குழந்தை குட்டிகளையும் சேர்த்து, சுமார் 40 ஆயிரம்தான். மீதி ஓட்டு எங்கே? வாழப்பாடி, அயோத்தியாப்பட்டணம் என்று மலையடிவாரத்தில் தொடங்கி கீழே விரிந்து கிடக்கும் சமவெளி கிராமங்களில்.

வேட்பாளர் பழங்குடியினராக இருக்க வேண்டும். ஜெயிக்க வைப்பது சமவெளி ஓட்டு. பிரசாரம் எங்கே அதிகம் நடக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

2013-ல் அ.தி.மு.க. எம்.எல்.ஏ. பெருமாள் மறைந்ததால் இடைத்தேர்தல் வந்தது. டிசம்பர் 4-ந்தேதி ஓட்டுப்பதிவு. அமைச்சர்கள் பட்டாளமே வந்து இறங்கியது. அவருடைய மனைவி சரோஜா 1 லட்சத்து 42 ஆயிரத்து 771 ஓட்டு வாங்கி, தி.மு.க. வேட்பாளர் மாறனை 78 ஆயிரத்து 116 ஓட்டு வித்தியாசத்தில் தோற்கடித்தார். 'நோட்டா' பட்டனை தமிழக வாக்காளர்கள் பார்த்தது அந்த தேர்தலில்தான். அந்த சில வாரங்கள் ஏற்காடு என்ற பெயர் டெல்லி வரை அடிபட்டது. ஓட்டு எண்ணி முடிந்ததும் கார்கள் எல்லாம் இறங்கிப் போய்விட்டன.

தனித்தொகுதி என்பதால் மலைக்கு ஒரு குரல் கிடைக்கிறது என்பது உண்மைதான். அதை குறைத்துச் சொல்ல முடியாது. பழங்குடியினர் ஒருவர் சட்டசபைக்குள் போக உறுதியான வழிகள் தமிழகத்தில் இரண்டுதான், அதில் இது ஒன்று. ஆனால் அந்த குரல் யாருக்கு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது என்பதுதான் கேள்வி.

'மலையாளம் தெரியுமா?'

இந்த மலையின் மக்களில் பாதிக்கு மேல் மலையாளி பழங்குடியினர். இங்கேதான் பெயர் குழப்பம் ஆரம்பிக்கிறது.

கேரளாவுக்கும் இவர்களுக்கும் சம்பந்தம் இல்லை. தாய்மொழி தமிழ். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர். சாதிச் சான்றிதழில் "மலையாளி" என்று இருப்பதைப் பார்த்து வெளியூரில் "உங்களுக்கு மலையாளம் தெரியுமா?" என்று கேட்கிறார்கள். படிக்கவும் வேலைக்கும் வெளியே போகும் பிள்ளைகள் இதற்கு விளக்கம் சொல்லியே அலுத்துப் போகிறார்கள்.

தமிழகத்தின் பழங்குடியினரில் எண்ணிக்கையில் முதலிடம் இவர்களுக்குத்தான். 2011 கணக்கில் 3 லட்சத்து 57 ஆயிரத்துக்கும் மேல். நீலகிரியின் தோடர்களை பாடப்புத்தகம் படித்த எல்லோருக்கும் தெரியும். அவர்கள் சில ஆயிரம் பேர்தான். மூன்றரை லட்சம் பேர் கொண்ட மலையாளிகளைப் பற்றி பக்கத்து மாவட்டத்துக்காரருக்கே தெரியவில்லை. காரணம், இவர்கள் ஒரே மலையில் இல்லை. சேர்வராயன், கல்வராயன், கொல்லிமலை, பச்சைமலை, சித்தேரி, ஜவ்வாது என்று கிழக்குத் தொடர்ச்சி மலை நெடுகிலும் சிதறிக் கிடக்கிறார்கள்.

இவர்களே சொல்லும் பூர்வீகக் கதை ஒன்று உண்டு. காஞ்சீபுரத்தில் இருந்து மூன்று சகோதரர்கள் புறப்பட்டு வந்தார்களாம். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன். பெரியண்ணன் வழி வந்தவர்கள் சேர்வராயன் மலையில் தங்கினார்கள். மற்ற இருவர் வழியினர் கொல்லிமலைக்கும் பச்சைமலைக்கும் போனார்கள். வெள்ளைக்கார அதிகாரிகள் நூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதையை எழுதி வைத்திருக்கிறார்கள். சரித்திரமா, கற்பனையா என்பது வேறு விஷயம். மூன்று மலையும் ஒரே குடும்பம் என்று அவர்கள் நினைக்கிறார்கள், அதுதான் இங்கே முக்கியம். அரசாங்க வரைபடத்தில் அந்த மூன்று மலையும் சேலம், நாமக்கல், திருச்சி என்று தனித்தனி மாவட்டத்துக் கணக்கு.

சேர்வராயன் மலைக்குள்ளேயும் பழைய பிரிவுகள் உண்டு. சேலநாடு, மோகநாடு, முட்டநாடு என்று மூன்று நாடுகள். நாட்டுக்கு ஒரு பட்டக்காரர், ஊருக்கு ஊர் பெரியவர்கள். தாலுகா, யூனியன், பிர்கா எல்லாம் வருவதற்கு முன்பு மலையை நடத்தியது இந்த ஏற்பாடுதான். இன்று அரசாங்கக் காகிதம் எதிலும் அந்தப் பெயர்கள் கிடையாது. ஏற்காடு ஊராட்சி ஒன்றியம், 9 ஊராட்சிகள், 67 கிராமங்கள். அவ்வளவுதான் கணக்கு.

மாவட்டக் கோடு தாண்டினால் சாதி மாறும்!

பெயர் குழப்பம் பெயரோடு போனால் பரவாயில்லை. எல்லைக்கோடு ஒரு குடும்பத்தின் தலையெழுத்தையே மாற்றும் கதையும் இருக்கிறது.

மத்திய அரசின் பழங்குடியினர் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் மாவட்டங்களின் பெயரும் இருக்கிறது. தர்மபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சி. இந்த பழைய மாவட்டங்களிலும், அவற்றில் இருந்து பிரிந்த புதிய மாவட்டங்களிலும் இருப்பவர்கள் பழங்குடியினர். சரி. ஈரோடு மாவட்டம் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் இருக்கும் மலையாளிகள்? அவர்கள் பட்டியலில் இல்லை!

ஈரோடு 1979-ல் கோவை மாவட்டத்தில் இருந்து பிரிந்தது. பட்டியலில் கோவை பெயர் இல்லாததால் ஈரோடும் இல்லை. அதே மக்கள், அதே சாமி, அதே உறவுமுறை. சேலம் பக்கம் பிறந்தால் பழங்குடி, ஈரோடு பக்கம் பிறந்தால் கிடையாது. படிப்பு, வேலை, வன உரிமை எல்லாவற்றிலும் இது உதைக்கிறது. பல ஆண்டுகளாக மனு, உண்ணாவிரதம், தேர்தல் புறக்கணிப்பு என்று அந்த மக்கள் போராடி வருகிறார்கள். தேர்தல் நேரத்தில் வாக்குறுதிக்கு மட்டும் பஞ்சம் இல்லை.

இந்தக் கோணத்தில் பார்த்தால் ஏற்காட்டுக்காரர்கள் அதிர்ஷ்டசாலிகள். ஆனாலும் முழு பாதுகாப்பு என்று சொல்ல முடியாது. அரசியல் சட்டத்தின் 5-வது அட்டவணைப்படி அறிவிக்கப்பட்ட பழங்குடியினர் பகுதி தமிழகத்தில் ஒரு அங்குலம்கூட இல்லை. ஆந்திரா, ஒடிசா, ஜார்கண்டில் எல்லாம் உண்டு. அங்கே பழங்குடி கிராமசபைக்கு சுரங்கம், நிலம் பற்றி தனி அதிகாரம் தரும் 1996-ம் ஆண்டு பெசா சட்டம் செல்லும். இங்கே செல்லாது. வன உரிமைச் சட்டம் 2006-ல் வந்தது. தமிழகத்தில் கோர்ட்டு தடையால் பட்டா கொடுப்பது 2016 வரை இழுத்துக்கொண்டே போனது.

காபிக்கு மட்டும் தெரிந்த மலை

அதிகாரப்பூர்வமாக சேர்வராயன் மலையை ஒரு தனிப் பிரதேசமாக ஒப்புக்கொண்ட இடம் எது தெரியுமா? காபி வாரியம்!

குடகு, நீலகிரி, ஆனைமலை, வயநாடு, பழனி மலை என்று இந்தியாவின் காபி விளையும் பகுதிகளை காபி வாரியம் 13 பெயர்களில் பிரித்து வைத்திருக்கிறது. அதில் ஒன்று சேர்வராயன். மாவட்டமாக இல்லாத, தொகுதியாக முழுமை பெறாத மலை, காபி கொட்டையின் முகவரியில் மட்டும் முழுசாக இருக்கிறது.

1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்ற ஸ்காட்லாந்துக்காரர்தான் இங்கே காபியைக் கொண்டுவந்தவர். பேரிக்காய் போன்ற பழ மரங்களும் அவர் காலத்தில் வந்தவைதான். அதன்பிறகு எஸ்டேட், பங்களா, சர்ச், கான்வென்ட் என்று மலையின் முகமே மாறிவிட்டது. 1917-ல் மான்ட்போர்ட் பள்ளி வந்தது. தென்னிந்தியா முழுவதும் இருந்து வசதியான வீட்டுப் பிள்ளைகள் இங்கே விடுதியில் தங்கிப் படித்தார்கள். மலையாளி வீட்டுப் பிள்ளைகளுக்கு அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிதான். ஒரே மலையில் இரண்டு உலகம்.

இட்ட பெயர்களைப் பார்த்தாலே இது புரியும். டூரிஸ்டுகள் போகும் இடம் லேடீஸ் சீட், பகோடா பாயிண்ட், எமரால்டு ஏரி. மலைக்காரர்கள் இருக்கும் இடம் நாகலூர், வாழவந்தி, செம்மநத்தம், மாரமங்கலம், வெள்ளக்கடை, தலைச்சோலை, மஞ்சக்குட்டை. டூரிஸ்ட் கையேட்டில் முதல் பட்டியல் மட்டும்தான் இருக்கும்.

பெயர் இருந்தும் பலன் முழுசாக வந்து சேரவில்லை. 2019-ல் குடகு, வயநாடு, சிக்மகளூர், பாபாபுதன்கிரி, அரக்கு பள்ளத்தாக்கு ஆகிய 5 இடத்துக் காபிக்கு புவிசார் குறியீடு கிடைத்தது. அதில் அரக்கு, பழங்குடி விவசாயிகளின் காபி. அந்தப் பெயரை வைத்து வெளிநாடு வரை விற்கிறார்கள். அந்த ஐந்தில் சேர்வராயன் இல்லை. ஏற்காட்டில் சின்னச் சின்ன தோட்டம் வைத்திருக்கும் மலையாளி விவசாயி தன் காபியையும் மிளகையும் வியாபாரியிடம் கொடுத்துவிடுகிறார். கடைக்கு வரும்போது அந்தக் காபி எந்த மலை என்பதே தெரியாது.

காபியைப் போலவே மண்ணும் கீழே இறங்கியது. மலை உச்சியில் இருந்த பாக்சைட் தாது பல ஆண்டுகள் மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்கு போனது. கொல்லிமலையிலும் இதே கதை. 2008-ல் வெட்டுவது நின்றது. வெட்டிய இடங்களின் தழும்பு இன்னும் இருக்கிறது. அலுமினியம் என்றால் மேட்டூர் என்றுதான் ஊர் உலகத்துக்கு தெரியும். தாது கொடுத்த மலையை யாரும் சொல்வதில்லை.

பெயரை மட்டும் எடுத்துக்கொள்வதில் ரெயில்வேயும் சளைத்தது அல்ல. சென்னைக்கும் ஈரோட்டுக்கும் இடையே ராத்திரி ஓடுகிறதே ஏற்காடு எக்ஸ்பிரஸ், அது ஏற்காட்டுக்கு போகாது. போகவும் முடியாது. மலைக்கு ரெயில் பாதையே கிடையாது.

குகைக்குள் இருக்கும் எல்லை

இந்த மலைக்கு மக்கள் போட்டுக்கொண்ட எல்லை ஒன்று உண்டு. அது சாமி எல்லை.

ஏற்காடு ஊர் 5 ஆயிரம் அடிக்கு சற்று குறைவான உயரத்தில் இருக்கிறது. அதற்கும் மேலே, 5 ஆயிரத்து 300 அடி உயரத்தில், மலையின் உச்சியில் இருப்பது சேர்வராயன் கோவில். குனிந்து போக வேண்டிய குகை. உள்ளே சேர்வராயனும் காவேரி அம்மனும். அந்தக் குகை காவிரி ஆறு வரை போகிறது என்பது நம்பிக்கை. மே மாதம் திருவிழா. 67 கிராமத்து மக்களும் திரண்டு வருவார்கள். வேலைக்காக திருப்பூர், கோவை, கேரளா என்று போனவர்களும் அன்றைக்கு மலைக்கு ஏறிவிடுவார்கள்.

அதே மே மாதத்தில்தான் அரசின் கோடை விழாவும் மலர் கண்காட்சியும் நடக்கும். இரண்டுக்கும் வித்தியாசம் பார்க்க வேண்டுமானால் கூட்டத்தைப் பார்த்தால் போதும். அண்ணா பூங்காவில் செல்போனில் படம் எடுப்பவர்கள் கீழே இருந்து வந்தவர்கள். உச்சியில் பொங்கல் வைப்பவர்கள் மலைக்காரர்கள். கோடை விழாவுக்கு அரசாங்க அழைப்பிதழ் உண்டு. சேர்வராயன் திருவிழாவுக்கு அழைப்பிதழ் தேவையே இல்லை.

நீலகிரிக்கு ஒரு நியாயம்...

மலையே மாவட்டமாக இருக்கும் இடமும் தமிழகத்தில் உண்டு. நீலகிரி. அங்கே கலெக்டர் மலையில் இருக்கிறார். பாராளுமன்றத் தொகுதியின் பெயரும் நீலகிரி. மலைப்பகுதி மேம்பாட்டுத் திட்டம் என்று மத்திய அரசின் தனி நிதி பல ஆண்டுகள் வந்தது. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு என்றே இன்னொரு திட்டமும் இருந்தது. கிழக்குத் தொடர்ச்சி மலைக்கு அப்படி ஒன்றும் கிடையாது. ஊட்டி 'மலைகளின் ராணி'. ஏற்காடு 'ஏழைகளின் ஊட்டி'. பட்டப்பெயரிலேயே ஏழை!

இந்தியாவின் மற்ற மலைகளில் இந்த "நாங்க வேற" என்ற உணர்வு பெரிய அரசியலாக வெடித்திருக்கிறது. டார்ஜிலிங்கில் கூர்க்காலாந்து போராட்டம் பல உயிர்களைப் பலி வாங்கிய பிறகு 2012-ல் தனி நிர்வாக அமைப்பு வந்தது. ஜார்கண்ட் 2000-ல் தனி மாநிலமே ஆனது. சேர்வராயனில் அப்படி ஒரு சத்தமும் இல்லை. 40 ஆயிரம் பேர் தனி மாவட்டம் கேட்டால் யார் காதில் விழும்? அதோடு இங்கே மொழிச் சண்டை இல்லை. மேலேயும் தமிழ், கீழேயும் தமிழ். கோபம் இல்லை என்று அர்த்தம் இல்லை, கூட்டம் சேர்க்க ஆள் இல்லை என்றுதான் அர்த்தம்.

பாதை அடைந்தால் மலை தீவு

பிரசவ வலி எடுத்தவர், விபத்தில் அடிபட்டவர், நெஞ்சுவலிக்காரர் யாராக இருந்தாலும் பெரிய சிகிச்சைக்கு சேலம் அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் இறங்க வேண்டும். இருக்கும் பாதை இரண்டு. அடிவாரம் வழியாக 20 கொண்டை ஊசி வளைவு. இல்லாவிட்டால் குப்பனூர் வழி. 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து சேலம் பாதையில் போக்குவரத்து பாதிக்கப்பட்டது. அதே ஆண்டு ஏப்ரல் 30-ந்தேதி தனியார் பஸ் மலைப்பாதையில் கவிழ்ந்து உயிர்ப்பலி ஆனது.

2024 மே மாதம் ஐகோர்ட்டு உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. எத்தனை வண்டியைத் தாங்கும் என்று கணக்குப் பார்க்க அந்த இரண்டு மலைக்கும் ஆள் கிடைத்தது. ஏற்காடு அந்த உத்தரவில் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஏரிக்கரையில் வண்டி நகராமல் நிற்கும்போது, நாகலூர் பக்கம் இருந்து வரும் ஆம்புலன்சும் அதே வரிசையில்தான் நிற்க வேண்டும்.

டவுன் பஞ்சாயத்து ஆனால்...

இப்போது மலையின் முகவரியை மாற்றப்போகும் விஷயம் ஒன்று இருக்கிறது. 2025 ஜனவரியில் தமிழக அரசு புதிதாக 25 பேரூராட்சிகளை உருவாக்கப்போவதாக அறிவித்தது. காளையார்கோவில், திருமயம் ஆகியவற்றோடு ஏற்காடு பெயரும் அதில் இருந்தது.

இவ்வளவு பெயர் பெற்ற கோடை வாசஸ்தலம் அதுவரை வெறும் கிராம ஊராட்சியாக இருந்தது என்பதே பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். லட்சக்கணக்கில் வந்து போகிறவர்களின் குப்பையையும் சாக்கடையையும் ஒரு கிராம ஊராட்சியின் பணத்தில் சமாளிக்க முடியாது. ஏரியின் நிலைமையே சாட்சி. பேரூராட்சி ஆனால் அதிகாரி வருவார், ஊழியர் வருவார்கள், நிதி கூடும். ஓட்டல்காரர்களும் வியாபாரிகளும் வரவேற்க இது போதுமான காரணம்.

ஆனால் ஊராட்சி எல்லைக்குள் ஏரியும் லாட்ஜும் மட்டும் இல்லை. கூலி வேலைக்கு போகும் குடும்பங்களும் இருக்கின்றன. பேரூராட்சி ஆனால் கிராமப்புறத்துக்கான வேலைத் திட்டம் போய்விடும். ஊரக வீட்டுத் திட்டமும் அப்படியே. வீட்டு வரி, தண்ணீர் வரி கூடும். எஸ்டேட்டில் காபி பறிக்கும் சீசன் முடிந்தால் வேலை இல்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கு ஊரக வேலைத் திட்டக் கூலிதான் மளிகைக்கடைக் கடனை அடைத்தது. லாட்ஜ் முதலாளிக்கும் அந்த அம்மாவுக்கும் ஒரே சட்டை தைத்தால் யாருக்கு பொருந்தும்?

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஏற்காடு மட்டும் நகரமாகி, மற்ற 8 ஊராட்சிகள் கிராமமாகவே நின்றால், இதுவரை ஒரே யூனியனாக இருந்த மலை இரண்டாகப் பிரியும். அதிக வருமானம் தரும் ஊர் ஒரு பக்கம், வருமானம் இல்லாத 8 ஊராட்சிகள் மறுபக்கம். யூனியன் ஆபீசில் உட்கார்ந்து மலை முழுவதையும் சேர்த்துப் பேச இருந்த ஒரே இடமும் சுருங்கிவிடும்.

அதன்பிறகு 2027 மக்கள்தொகை கணக்கெடுப்பு. அது முடிந்து தொகுதிகளை மறுபடியும் வரையும்போது பழங்குடியினர் தொகுதி எத்தனை, எது எது என்பது புதுக் கணக்கின்படி முடிவாகும். பழங்குடியினர் சதவீதம் எங்கே அதிகமோ அங்கேதான் தனித்தொகுதி. வாழப்பாடி பக்கம் ஜனத்தொகை பெருகி, மலையில் இருந்து ஆட்கள் திருப்பூருக்கும் கோவைக்கும் பிழைக்கப் போய்க்கொண்டே இருந்தால், தொகுதியில் மலையின் பங்கு இன்னும் குறையும்.

கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது பிழைக்கப் போனவர்கள் எங்கே இருப்பார்கள்? பனியன் கம்பெனி விடுதியில் பெயர் கொடுத்தால் அது திருப்பூர் கணக்கு. மலை வீட்டில் பெயர் கொடுத்தால்தான் ஏற்காடு கணக்கு. சேர்வராயன் திருவிழாவுக்கு தவறாமல் ஏறி வருகிறவர்கள், அந்த ஒரு நாளும் மலையில் இருப்பார்களா என்பதை இப்போதே ஊர்ப் பெரியவர்கள் யோசிக்க வேண்டியிருக்கிறது.